வெள்ளிக்கிழமைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

"வெள்ளிக்கிழமை நான் செத்துப்போயிடுவேனாம், மேடம்."

"யார் சொன்னாங்க?"

"என் நெத்திலி மாங்காய்க் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னவங்க."

"நேர்ல வந்து சொன்னாங்களா?"

"இல்ல. எழுதியிருந்தாங்க. கீழே லிங்க் இருந்துச்சு."

காலை ஒன்பது மணிக்கு நடந்த இந்தப் பேச்சை இஷ்ரத் மூன்றாவது முறையாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இப்போது மணி பதினொன்று. கிழமை புதன். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகளுக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழே ஒருவன் நைட்டி விலையைக் கூவிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வருடத் தொழிலில், பயந்து வந்தவர்கள் அழுது பார்த்திருக்கிறாள், கத்தியும் பார்த்திருக்கிறாள். காலையில் வந்த கரோலின் இரண்டும் செய்யவில்லை. இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, அறையைப் பெருக்கிவிட்டு, சாவியைப் பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதுதான் இஷ்ரத்துக்குப் பிடிக்கவில்லை. அவளை வீட்டுக்குத் திரும்ப அனுப்பாமல் உள்ளறையில் உட்கார வைத்திருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஃப்ரெடி கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். ராயபுரத்துக்காரன். வயது முப்பத்தைந்து. சொந்தமாக ஆட்டோ வைத்திருந்தான். அதில் சவாரி ஏற்றியதைவிட இஷ்ரத்தை ஏற்றிக்கொண்டு அலைந்ததுதான் அதிகம்.

"க்கா, எனுக்கு ஒரே டவுட்டு. கொலை பண்றவன் இன்னாத்துக்குக் கொழம்பைப் பத்திப் பத்து தபா கமெண்ட் போடணும்? அதுவும் ரோசின்னு பொம்பளை பேர்ல?"

"பத்துன்னு எண்ணினியா?"

"எண்ணிட்டேன். மீன் கொழம்புக்கு நாலு, கருவாட்டுக்கு ரெண்டு, கேக்குக்கு மூணு, நேத்து நெத்திலி. எல்லாத்துலயும் ஒரே டயலாக்கு. 'சூப்பர் அக்கா, நிறைய எழுதுங்க.' கல்யாணமாகி ஒம்போது வருசம், என் பொண்டாட்டி என்னப் பாத்து ஒரு தபாகூட சூப்பர்னு சொன்னதில்ல."

"பத்தாவதுக்குத்தான் லிங்க் வரும்," என்றது ஒரு குரல். கரோலின் உள்ளறை வாசலில் வந்து நின்றிருந்தாள். "அப்படித்தான் நான் வச்சிருக்கேன்."

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. துறைமுகச் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாகத் திருவொற்றியூரில் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். மாலை நேரங்களில் 'கரோலின் அடுக்களை' என்ற தன் இணையதளத்தில் சமையல் எழுதுகிறாள்.

"என் சைட்டுக்கு வந்து பத்து தடவை ஏதாவது எழுதினவங்களுக்கு ஒரு பரிசு," என்றாள் கரோலின். "அதுக்கப்புறம் அவங்க எழுதறதுக்குக் கீழே, அவங்க சைட்ல கடைசியா என்ன போட்டிருக்காங்களோ அந்தப் பக்கத்தோட தலைப்பு தானா வந்து விழும், லிங்க்கோட. மத்தவங்களும் லிங்க் கொடுப்பாங்க. ஆனா கூகுள் அதைக் கணக்குல எடுக்காதபடி உள்ளே ஒரு குறிப்பு வச்சிடுவாங்க. நான் அந்தக் குறிப்பை எடுத்துட்டேன். அதனால என்கிட்ட இருந்து லிங்க் போனா, யாராவது தேடும்போது அவங்க சைட் கொஞ்சம் மேல வரும்."

"துட்டு வாங்காம எவனாவது இத்தச் செய்வானா?" என்றான் ஃப்ரெடி.

"வீட்டை விட்டு வந்த புதுசுல என்கூடப் பேச ஆள் இல்ல. அவங்கதான் வந்து பேசினாங்க. வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கிற மாதிரி, இது."

இஷ்ரத் மேசை மேல் இருந்த தாளை எடுத்தாள். கரோலின் நேற்று இரவே தன் கணினித் திரையைப் படம் பிடித்து, காலையில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தாள். ரோசியின் பாராட்டுக்குக் கீழே ஒரு வரி: 'ரோசியின் புதிய பக்கம்: கண்ணீர் அஞ்சலி, ஞா. கரோலின்.' அதைத் தொட்டதும் திறந்த பக்கம் அடுத்த தாளில் இருந்தது. கறுப்புக் கரை. இரண்டு மெழுகுவத்திகளுக்கு நடுவே கரோலினின் முகம். கீழே பிறந்த தேதி. அதற்கும் கீழே இறந்த தேதி, நாளை மறுநாள். வேறு பெயரோ விலாசமோ இல்லை.

காலையில் திரும்பப் பார்த்தபோது அந்தப் பக்கம் மட்டுமல்ல, ரோசியின் தளமே காணாமல் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்கும் ஷாரிக்குக்கும் பதிவுக் கல்யாணம்," என்று காலையிலேயே சொல்லியிருந்தாள் கரோலின். ஷாரிக்குக்கு அடுத்த தெருவில் ரெடிமேட் கடை. "தேதி எங்க ரெண்டு பேருக்கும் பதிவு ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கும்தான் தெரியும். வேற யாருக்கும் சொல்லல."

இஷ்ரத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "இந்தப் படம் உங்க சைட்ல இருக்கா?"

"என் படமே சைட்ல கிடையாது. இது போன மாசம் எடுத்தது. பதிவு ஆபீஸ் விண்ணப்பத்துக்காக."

"தோள்ல ஊதா கலர் எம்பிராய்டரி சோக்காகீது," என்றான் ஃப்ரெடி எட்டிப் பார்த்து.

"எனக்கு அந்த மாதிரி துணியே இல்லையே," என்றாள் கரோலின்.

"அது துணி இல்ல. ரப்பர் ஸ்டாம்ப்போட விளிம்பு." இஷ்ரத் அந்த ஊதா வளைவின் மேல் விரலை ஓட்டினாள். "வேற வேற மதம்ங்கிறதால, யாராவது ஆட்சேபிக்க முப்பது நாள் கொடுத்து, கல்யாண நோட்டீஸைப் படத்தோட அறிவிப்புப் பலகையில ஒட்டி, முத்திரை குத்தியிருப்பாங்க. யாரோ பலகைக்கு முன்னாடி நின்னு போன்ல படம் எடுத்திருக்காங்க. ஒட்டின நாள்ல இருந்து முப்பது நாள் எண்ணினா வியாழக்கிழமை முடியுது. அடுத்த நாள் வெள்ளி. எண்ணத் தெரிஞ்ச யாரும் தேதியைக் கண்டுபிடிக்கலாம்."

ஃப்ரெடி தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"க்கா, ஒண்ணு இடிக்குது. அடக்கம் எங்கன்னு போடல."

"அதனால?"

"எங்க ஏரியால இத்த அடிக்கிறதே அதுக்குத்தானே. பூசை எந்தக் கோயில்ல, அடக்கம் எத்தினி மணிக்குன்னு பாத்துட்டுத்தான் பாதி சொந்தக்காரன் கெளம்பியே வருவான். எங்க பெரியப்பாவுக்கு மணியைத் தப்பா அடிச்சுட்டாங்க. பாதிரியாரும் பெரியப்பாவும் மட்டும் கோயில்ல ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு இருந்தாங்க."

கரோலின் சிரிக்கவில்லை. "அப்போ, அடக்கம் பண்ண உடம்பு கிடைக்காதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஃப்ரெடியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போன வருடம் முகத்துவாரக்குப்பத்துக் கரையில், கழிமுகத்து எண்ணெய்த் தண்ணீரில் ஒதுங்கிக் கிடந்த ஓர் உடலை அவன் பார்த்திருக்கிறான். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

"வேற அர்த்தமும் இருக்கலாம்," என்றாள் இஷ்ரத். "உறுதி ஆகாம சொல்ல மாட்டேன். ஃப்ரெடி, இந்த ரோசி கரோலின் வாசல்ல மட்டுமா வந்து நின்னிருப்பா? வேற எங்கெல்லாம் சூப்பர் சொல்லியிருக்கான்னு தேடு. அவ சைட் போயிடுச்சு. ஆனா மத்தவங்க சைட்ல அவ எழுதினதும், அதுக்குக் கீழ விழுந்த தலைப்பும் அப்படியேதான் இருக்கும்."

பத்து நிமிடம் ஃப்ரெடி கணினியில் தேடினான். பிறகு படிக்க ஆரம்பித்தான்.

"கேளு க்கா. 'பிரியாணி அருமை அக்கா.' அதுக்குக் கீழ, மஞ்சள் நீராட்டு விழா. 'சுண்டல் சூப்பர்.' கீழ, அறுபதாம் கல்யாணம். 'கஷாயம் குடிச்சேன், வயித்து வலி போயிடுச்சு.' கீழ, ஆட்டோ ஸ்டாண்டு திறப்பு விழா. 'கோலம் அழகு.' கீழ, அம்மன் கோயில் தீமிதி. இன்னா இது, ஒரே பொம்பளை ஊர்ல கீற எல்லா விசேசத்துக்கும் போறாளே. பந்தி பரிமாறுறவளா?"

"எல்லா விசேஷத்துக்கும் முதல்ல போறது எது?"

"சாம்பார் வாளி."

"அதுக்கும் முன்னாடி."

ஃப்ரெடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்க் கட்டடத்தை மறைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் பிறந்தநாள் தொங்கியது. "பேனரு," என்றான் மெல்ல.

"ரோசி ஃப்ளெக்ஸ் பேனர் கடையில இருக்கா. அடிக்கிற ஒவ்வொரு பேனரையும் கடையோட சைட்ல போடறா. லிங்க் கிடைக்கிற இடமாத் தேடிப் போய்ப் பாராட்டறா. நேத்து நெத்திலிக்குப் பாராட்டு எழுதின நேரத்துல, கடையில கடைசியா அடிச்சது கரோலினோட பேனர். பத்தாவது தடவைங்கிறதால உங்க சைட் அந்தத் தலைப்பைத் தானா எடுத்துப் போட்டுடுச்சு."

கரோலின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்போ யாரும் என்னை மிரட்டல."

"இல்ல." இஷ்ரத்தின் குரல் தாழ்ந்தது. "மிரட்டறவன் உங்களுக்குத் தெரியணும்னு நினைப்பான். இவன் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ஆர்டர் கொடுத்திருக்கான். எனக்கு இப்பதான் பயமா இருக்கு."

ரோசியின் மூன்று வருடப் பழைய பாராட்டு ஒன்றின் கீழே கடை இருக்கும் இடம் தெரிந்தது: 'டோல்கேட்டில் குறைந்த விலையில் பேனர்.'

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஃப்ரெடி ஆட்டோவை அவற்றுக்கு இடையில் நுழைத்துக்கொண்டு போனான். கரோலின் வர வேண்டாம் என்று இஷ்ரத் சொல்லிப் பார்த்தாள். "என் சாவுக்கு நான் போகாம யார் போவாங்க?" என்று ஏறிக்கொண்டாள் அவள்.

பேனர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. இயந்திரம் ஓயாமல் இப்படியும் அப்படியும் ஓடி ஒரு பெரிய மனிதரின் மீசையை வரைந்துகொண்டிருந்தது. மை நாற்றம் கண்ணை எரித்தது. முதலாளி அப்பாவு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க. பொறந்தநாளா, காது குத்தா?"

"சாவு," என்றான் ஃப்ரெடி. "ஆனா ஆளு இன்னும் உசுரோட கீது. தள்ளுபடி எதுனா உண்டா?"

அவனுக்குப் பின்னால் கரோலின் படியேறி உள்ளே வந்தாள். அப்பாவுவின் கை நாடாவிலேயே நின்றுவிட்டது. மூலையில் கணினி முன் இருந்த பெண், நாற்காலி சாய எழுந்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நேத்து அரை நாளு இந்த மொகத்தைத்தான் பெருசு பண்ணிகினு இருந்தேன்," என்றாள் அவள் யாரிடம் என்றில்லாமல்.

"ரோசி நீங்கதானா?" என்று கேட்டாள் கரோலின். "என் சைட்ல நெத்திலிக் குழம்புக்கு எழுதினீங்க."

ரோசி அவளைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். "அந்தக் கரோலின் அக்காவா நீங்க? சத்தியமா தெரியாதுக்கா. பேரு ஒண்ணுன்னு நெனச்சேன், அவ்ளோதான். மத்தவங்களுக்குச் சும்மா எழுதுவேன். உங்களுது மட்டும் நெசமாவே செஞ்சு பாப்பேன்." குரல் உடைந்தது. "மாங்காதான் கொஞ்சம் புளிச்சுடுச்சு."

"சைட்டை ஏன் மூடினீங்க?" என்றாள் இஷ்ரத்.

"அடிக்கிறதையெல்லாம் அதுல போடச் சொன்னது நான்தாம்மா," என்று குறுக்கே வந்தார் அப்பாவு. "கூகுள்ல நம்ம கட மேல வரணும்னா டெய்லி புதுசா எதுனா போட்டுகினே இருக்கணும்னு ஒருத்தன் சொன்னான். காலைல ஒரு ஆளு வந்து, ஆர்டர் குடுத்தது யாருக்கும் தெரியக்கூடாது, இத்த ஏன் போட்டன்னு சட்டையைப் புடிச்சுட்டான். ஒரு பக்கத்த மட்டும் எடுக்க இந்தப் பொண்ணுக்குத் தெரில. பயத்துல மொத்தத்தையும் மூடிட்டா."

சுவரில் சாய்த்து மூன்று சுருள்கள் வைக்கப்பட்டிருந்தன. இஷ்ரத் கேட்குமுன் கரோலினே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஆறடி நீளத்துக்கு அவள் முகம் தரையில் விரிந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. கண் இருந்த இடத்தில் அவள் கட்டைவிரல் பட்டு லேசாக ஈரம் ஒட்டியது.

"எங்க கட்டறதாச் சொன்னாங்க?" என்றாள் இஷ்ரத்.

அப்பாவு ஆர்டர் சீட்டைத் தேடி எடுத்தார். "மூணு எடம். திருவொத்தியூர்ல ஒரு தெரு. ராயபுரம் கோயிலுக்கு எதிர்ல. மூணாவது, பதிவு ஆபீஸ் வாசல். எத்தினி அடிக்கு வரணும்னு கேக்கறதுக்கோசரம் எடத்த எழுதி வச்சேன். வெள்ளிக்கெழமை விடிகாலைல வந்து வாங்கிக்கிறேன், கட்ட ஆளு வேணாம், கயிறும் நானே கொண்டாறேன்னு சொல்லிட்டாரு."

"பதிவு ஆபீஸ் வாசல்," என்று இஷ்ரத் திருப்பிச் சொன்னாள். அவள் கரோலின் பக்கம் திரும்பவில்லை. "நான் காலையில சொல்லாம விட்டது இதுதான். பிடிக்காத இடத்துல பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டா, சில வீடுகள்ல உயிரோட இருக்கிற பொண்ணுக்கே அஞ்சலி பேனர் கட்டிடறாங்க. எங்களைப் பொறுத்தவரை நீ செத்தாச்சுன்னு ஊருக்குச் சொல்ல. கல்யாண நாள்தான் இறந்த நாள். அடக்கம் கிடையாது. ஏன்னா அடக்கம் பண்ண ஒண்ணும் இல்ல."

ஃப்ரெடி மூச்சை விட்டான். "அப்ப கொலை இல்லன்னு சொல்லு. ஒரு டீ சொல்லலாமா?"

"சைட்ல போட்டதுக்கு அப்பால அந்த ஆளு வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினது கீதுக்கா," என்றாள் ரோசி. போனை எடுத்து, கரோலினைப் பார்த்துத் தயங்கி, பிறகு தொட்டாள்.

வயதான ஆண் குரல். பின்னணியில் எங்கோ கப்பல் சங்கு. "யம்மா, படத்துல தோள்ல ஊதா கலரு கீது பாரு, அத்த எடுத்துடு. அப்பால, சிரிக்கிற மாதிரி கீது அவ மொகம். அத்த ஒண்ணியும் செய்யாத. அப்பிடியே வுட்டுடு."

கரோலின் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஓரம் கோணாமல், மெதுவாக, கடைசிவரை சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"என் நைனா," என்றாள்.

இயந்திரம் மீசையை முடித்துவிட்டு நின்றது. அந்த அமைதியில் இஷ்ரத் கேட்டாள்: "அப்பாவு அண்ணே, காலையில வந்து சட்டையைப் பிடிச்சதும் இவர்தானா?"

"இல்லம்மா. அவன் சின்ன வயசு. பைக்ல வந்தான்."

"கைல ஜெபமாலை சுத்தியிருந்தான்," என்றாள் ரோசி. "பேனரோட முடியற சமாச்சாரமான்னு வெள்ளிக்கெழமை பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனான். வண்டி பக்கத்துல துணி சுத்தி ஒண்ணு சொருகி வச்சிருந்தான்க்கா. இவ்ளோ நீளம்." அவள் முழங்கைவரை அளந்து காட்டினாள்.

"ஜெஸ்வின்," என்றாள் கரோலின். "என் தம்பி."

ஃப்ரெடி ஆட்டோ சாவியை எடுத்தான்.

*

ஆட்டோவில் போகும்போதே இஷ்ரத் காவல் நிலையத்துக்குப் பேசினாள். ஆள் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். ஷாரிக்கைக் கடையைப் பூட்டிக்கொண்டு தன் அலுவலகத்துக்குப் போய் உட்காரச் சொன்னாள். அரை மணி நேரம் கீழேயே காத்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். ராயபுரத்தில் கரோலினின் அப்பா ஞானத்தின் வீட்டு வாசலில் ஆட்டோ நிற்குமுன்னே கரோலின் இறங்கிப் படியேறிவிட்டாள்.

மொட்டை மாடியில் ஞானம் தனியாக உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். எதிரே நீல நைலான் கயிறு சுருளாகக் கிடந்தது. அதை ஒரே அளவாக வெட்டி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பேனருக்கு நான்கு மூலை. மூன்று பேனருக்குப் பன்னிரண்டு துண்டு. ஒன்பது முடிந்திருந்தது. தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் அசையாமல் நின்றன.

"நைனா."

அவர் தலை நிமிரவில்லை. "செத்தவங்க படியேறி வரக் கூடாது."

"வெள்ளிக்கிழமைதானே ஐயா போட்டிருக்கீங்க," என்றாள் இஷ்ரத். "இன்னைக்குப் புதன்."

ஞானம் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ யாரும்மா? அந்தப் பையன் பக்கத்து ஆளா?"

"நான் கரோலின் பக்கத்து ஆளு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பத்தாவது துண்டு பாதி அறுபட்டு நின்றது.

"பலகைல ஒட்டினத எவனோ படம் புடிச்சு ஜெஸ்வினுக்கு அனுப்பிட்டான்," என்றார். "அன்னிலேர்ந்து அவன் சரியாச் சோறு துன்றதில்ல. ஒருநாள் கட்டிலுக்கு அடில பாத்தேன். அருவா. இன்னாத்துக்குடான்னு கேட்டா, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்னான். கையப் புடிச்சேன். கால்லகூட வுழுந்தேன், பெத்த புள்ள கால்ல." பாதி அறுபட்ட கயிற்றைக் கையில் எடுத்தார். "அப்பதான் சொன்னேன். நீ ஒண்ணும் செய்யாதடா. நானே அவளுக்குப் பேனர் கட்டிடறேன். கோயிலாண்ட கட்டறேன், அந்த ஆபீஸ் வாசல்ல கட்டறேன். அவ செத்துட்டான்னு பெத்தவனே ஊருக்குச் சொல்லிட்டா, அப்பால அவளால நமக்கு மானமும் இல்ல, அவமானமும் இல்ல. செத்தவள எவனும் போய் வெட்ட மாட்டான்."

இஷ்ரத் வெட்டி வைத்த கயிறுகளைப் பார்த்தாள். ஒரு மகளை உயிரோடு வைத்திருக்க ஒரு தகப்பனுக்குக் கிடைத்த ஒரே வழி இது என்றால், அந்த வீட்டுக்குள் கடந்த ஒரு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டாள்.

"யோசிக்கிறேன்னான்."

"காலையில பேனர் கடைக்குப் போயிருக்கான் ஐயா. பேனரோட இது முடியுமான்னு பாக்கறேன்னு சொல்லியிருக்கான். அருவா கட்டிலுக்கு அடியில இருக்காது, போய்ப் பாருங்க. வண்டியில இருக்கு."

ஞானம் எழ முயன்றார். பத்தாவது கயிற்றைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஜெபமா, மகன் பெயரா என்று தெரியவில்லை.

கீழே பைக் ஒன்று வந்து நின்றது.

ஃப்ரெடி கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தான். "க்கா, கறுப்பு வண்டி. படி ஒண்ணுதான் கீது. பறக்கத் தெரிஞ்சவங்க யார்னா இருந்தா இப்பவே சொல்லிடுங்க." சொல்லிக்கொண்டே போய்ப் படிக்கதவுக்கு நேராக நின்றுகொண்டான். குரலில் இருந்த கேலி கால்களில் இல்லை.

காலடிச் சத்தம் அவசரமில்லாமல் ஏறி வந்தது. ஜெஸ்வின் வாசலில் நின்றான். அக்காவின் சாயல். அதே மூக்கு, அதே நெற்றி. வலது மணிக்கட்டில் ஜெபமாலை. அதே கையில் துணி சுற்றிய நீளமான ஒன்று.

"கீழ இன்னா ஆட்டோ?" என்றான். பிறகு கரோலினைப் பார்த்தான். "இவ இங்க இன்னா பண்றா?"

"ஜெஸ்வின், அதைக் கீழே வை," என்றாள் இஷ்ரத். "ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்துகிட்டிருக்காங்க."

"வரட்டும்." அவன் ஃப்ரெடியைப் பார்த்தான். "நவுரு தோஸ்து. உன்கூட எனுக்கு இன்னா தகராறு?"

"ஒண்ணியும் இல்ல மாமு. அதான் எனக்கும் புரில. ஆனா நவுர மாட்டேன்."

ஜெஸ்வின் துணியின் முடிச்சில் கை வைத்தான். இஷ்ரத் ஃப்ரெடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த இடுக்கு வாசலில் இரண்டு பேர்தான் நிற்க முடிந்தது.

கரோலின் தம்பியைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தாள். ஓடப் போகிறாள் என்று இஷ்ரத் நினைத்தாள். அவள் தகப்பனுக்கு எதிரே, வெட்டி வைத்த கயிறுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புடவையின் இஸ்திரி கலைந்தது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரம் கோயில்வரை வந்து, பூசை முடிந்து இவர் வெளியே வரும்போது தூண் மறைவில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போன வாக்கியத்தை இப்போது சொன்னாள்.

"நைனா, என்னப் பாரு," என்றாள்.

அவர் பார்த்தார்.

"எங்க கல்யாணத்துக்கு மூணு சாட்சி வேணும்னு சொல்லிகீறாங்க. ஷாரிக் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேரு வராங்க. மூணாவது ஆளு யாருன்னு ஆபீஸ்ல கேட்டுகினே கீறாங்க, நான் பேரு குடுக்கல." வாசலில் நின்றவனுக்கும் கேட்க வேண்டும் என்று அவள் குரலை உயர்த்தினாள். "அந்த எடத்தை யாருக்கும் குடுக்காம வச்சிகீறேன். வெள்ளிக்கெழமை நீ வந்து எனக்குக் கையெழுத்துப் போடு, நைனா."